தூண்டியவனும் துணிந்தவனும்

 



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், ஓர் இளைஞர் என்னருகே வந்து அமர்ந்தார். அமெரிக்காவில் சில ஆண்டுகள் படித்துத் திரும்பியவர். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "ஹஜ்ரத்! நம்மவர்கள் 'எங்களைத் தூண்டியதே காவல்துறை அனுப்பிய ஆள்தான்' என்று அந்நாட்டு நீதிமன்றங்களில் கதறியபோது எவரும் செவிசாய்க்கவில்லை. மிச்சிகன் மாநில ஆளுநரைக் கடத்தத் திட்டமிட்டதாகப் பிடிபட்ட வெள்ளையர்கள் அதே வார்த்தையைச் சொன்னபோது அவர்களில் சிலர் விடுதலையாகிவிட்டார்கள். அவர்களும் உள்ளே கிடந்திருந்தால்தானே அது நீதி?"

அன்று நான் பதில் கூறவில்லை. அவர் குரலில் இருந்த வேதனை நியாயமானது. ஆனால் அவ்வேதனை அவரைக் கொண்டு சேர்த்த இடம் சரியானதா என்ற ஐயம் எனக்குள் எழுந்தது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறுமாறு உங்களைத் தூண்டிவிட வேண்டாம் என அல்லாஹ் அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாவது வசனத்தில் கட்டளையிடுகின்றான். எவரை நாம் வெறுக்கிறோமோ அவர் விஷயத்தில்தான் இக்கட்டளைக்கு வேலை உண்டு. நேசிப்பவர் விஷயத்தில் நீதி பேச எவருக்கும் கட்டளை தேவையில்லையே! எனவே அவ்வழக்கை முதலில் உள்ளபடி அறிந்துகொள்வோம்.

அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் நம் நாட்டு ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்லர், மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சர்களுக்கு நிகரானவர். 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது மிச்சிகன் ஆளுநராக இருந்த கிரெட்சன் விட்மர் என்னும் பெண்மணி, கடைகளை மூடவும் மக்களை வீடுகளில் இருக்கவும் உத்தரவிட்டார். அதனை அடக்குமுறை என்று சிலர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று துப்பாக்கி ஏந்தியவர்கள் லான்சிங் நகரிலுள்ள மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திற்குள்ளேயே நுழைந்து நின்றனர். அங்கு துப்பாக்கி வைத்திருப்பது அப்போது சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்ததால் அதனைத் தடுப்பாரும் இல்லை.

இச்சூழலில் 'வுல்வரின் வாட்ச்மென்' என்ற பெயரில் ஒரு சிறு ஆயுதக் குழு அம்மாநிலத்தில் இயங்கி வந்தது. ஈராக் போரில் பணிபுரிந்து திரும்பிய ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்குத் துணை தேடி, ஃபேஸ்புக் வழியாக அக்குழுவில் சேர்ந்தார். காவலர்களைக் கொல்வது பற்றி அவர்கள் பேசியதைக் கேட்டுத் திடுக்கிட்டார். காவல்துறையிலிருந்த தம் நண்பரிடம் அதனைத் தெரிவித்தார். பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அவரையே தன் உளவாளியாக ஆக்கிக்கொண்டது. விலகி ஓட நினைத்தவர் உடலில் ஒலிப்பதிவுக் கருவியுடன் அக்குழுவில் நீடித்தார். சில மாதங்களில் செலவுக்கும் ஊதியத்திற்குமாக ஐம்பதாயிரம் டாலருக்கும் மேல் அவருக்கு வழங்கப்பட்டது.

இக்குழுவினரோடு வந்து சேர்ந்தவர்தான் ஆடம் ஃபாக்ஸ் என்பவர். தூசு உறிஞ்சும் இயந்திரங்கள் விற்கும் ஒரு கடையின் அடித்தளத்தில் வாழ்ந்தவர். தமக்கென்று வீடுமற்ற அம்மனிதர்தான் ஒரு மாநில ஆட்சியைக் கவிழ்ப்பது பற்றிப் பேசினார்! டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்த பாரி கிராஃப்ட் என்பவர் அவருக்குத் துணையானார். ஓஹையோவில் கூட்டம், விஸ்கான்சினில் பயிற்சி, மிச்சிகன் காட்டுப் பகுதியில் வீடு போன்ற ஒன்றை அமைத்து அதற்குள் புகுந்து சுடும் ஒத்திகை எனக் கோடைக்காலம் கழிந்தது. செப்டம்பர் மாதம் ஓர் இரவில் எல்க் ராபிட்ஸ் என்னும் ஊரில் ஆளுநரின் விடுமுறை இல்லத்தை நோட்டமிடக் கார்களில் சென்றனர். காவலர் வந்து சேராதபடி அருகிலுள்ள பாலத்தை வெடிவைத்துத் தகர்ப்பது பற்றியும் பேசினர். அன்றிரவு அக்கார்களில் சென்றோரில் எஃப்.பி.ஐ. உளவாளியும் மாறுவேட அதிகாரிகளும் இருந்தனர். வெடிமருந்து வாங்கித் தருவதாகச் சொன்னவரும் மாறுவேட அதிகாரியே. அதற்கு அவர் சொன்ன விலை 4,000 டாலர். அக்டோபர் 7 அன்று பொருள் பெறவென்று வந்த இடத்தில் அவர்கள் கைது செய்யப்பட்டனர். மத்திய, மாநில அரசுகள் இரண்டும் தொடுத்த வழக்குகளில் மொத்தம் பதினான்கு பேர் குற்றம் சாட்டப்பட்டனர்.

மத்திய அரசின் வழக்கில் ஆறு பேர். இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சியும் கூறினர். எஞ்சிய நால்வரும் கிராண்ட் ராபிட்ஸ் நகர நீதிமன்றத்தில் ஜூரிகள் முன் நிறுத்தப்பட்டனர். 'இது எங்கள் திட்டமே அன்று; உளவாளியும் அதிகாரிகளும் சேர்ந்து எங்களை இழுத்துச் சென்றனர்; நாங்கள் வாய்ச்சொல் வீரர்கள் மட்டுமே' என்பது அவர்களின் வாதம். 2022 ஏப்ரல் 8 அன்று ஜூரிகள் இருவரைக் குற்றமற்றவர் என விடுவித்தனர்; ஃபாக்ஸ், கிராஃப்ட் இருவர் விஷயத்தில் ஒருமித்த முடிவுக்கு வர அவர்களால் இயலவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த மறுவிசாரணையில் வேறு ஜூரிகள் அவ்விருவரையும் குற்றவாளிகள் என்றனர். ஃபாக்ஸுக்குப் பதினாறு ஆண்டுகளும், கிராஃப்ட்டுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஏழு மாதங்களும் தண்டனை விதிக்கப்பட்டது. அரசுத் தரப்பு கேட்டதோ ஆயுள் தண்டனை. மாநில அரசின் வழக்குகளில் ஐவர் தண்டிக்கப்பட்டனர். மூவர் 2023 செப்டம்பரில் விடுதலை பெற்றனர். ஆக, பதினான்கு பேரில் ஒன்பது பேர் ஒப்புக்கொண்டோ, தீர்ப்பளிக்கப்பட்டோ குற்றவாளிகள் ஆயினர். ஐவர் வீடு திரும்பினர். 'சொன்னதும் விட்டுவிட்டார்கள்' என்று நம் இளைஞர் எண்ணியது முழு உண்மை அன்று.

மத்திய வழக்கில் விடுதலையான இருவரும் எல்க் ராபிட்ஸுக்குச் சென்ற அந்த இரவுப் பயணத்தில் இல்லை. ஜூரிகள் தம் முடிவுக்குக் காரணம் எழுதி வைப்பதில்லை. ஆதலால் இதுதான் காரணம் என நாம் அறுதியிட இயலாது. ஆயினும் நால்வரையும் ஒரே கயிற்றில் கட்டாமல், ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தனர் என்பது தெளிவு.

சகோதரர்களே! 'பொறிவைப்பு' என்னும் இவ்வாதத்தை அந்நாட்டுச் சட்டம் எவ்வாறு காண்கின்றது என்பதையும் சற்று அறிய வேண்டும். 1932ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 'சோரல்ஸ்' வழக்கிலிருந்து இது தொடங்குகின்றது. மது தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. (அப்படியும் ஒரு காலம் அந்நாட்டில் இருந்தது!) வட கரோலினாவில் ஓர் அதிகாரி சுற்றுலாப் பயணி போல ஒருவரின் வீட்டுக்குச் சென்றார். முதல் உலகப் போரில் தாமும் அவரும் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள் என்று கூறி, பழைய போர்க்கதைகளைப் பேசி நெருங்கினார். பேச்சினூடே மது கேட்டார். வீட்டுக்காரர் மறுத்தார். மீண்டும் கேட்டார், மீண்டும் மறுப்பு. விடாமல் கேட்கவே, வீட்டுக்காரர் வெளியே சென்று அரை காலன் விஸ்கி வாங்கி வந்து கொடுத்தார். உடனே கைது! தானாகக் குற்றம் செய்ய எண்ணாதவனின் உள்ளத்தில் அரசு அதிகாரியே குற்றத்தை விதைத்து, பின்னர் அவனையே தண்டிப்பது சட்டத்தின் நோக்கமன்று என அந்நீதிமன்றம் கூறிற்று.

அதன்பின் கேள்வி இரண்டாகப் பிரிந்தது. அரசு தூண்டியதா என்பது ஒன்று. தூண்டுமுன்னரே அக்குற்றத்தின் பால் அவன் மனம் சாய்ந்திருந்ததா என்பது மற்றொன்று. மத்திய நீதிமன்றங்களில் இவ்விரண்டாவது கேள்வியே கனமானது. அரசின் ஆள் அணுகுவதற்கு முன்பே அச்சாய்வு இருந்தது என்பதை ஐயத்திற்கிடமின்றி அரசே நிறுவ வேண்டும் என 1992இல் 'ஜேக்கப்சன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அதனை முடிவு செய்பவர்கள் ஜூரிகள். மிச்சிகன் மாநிலச் சட்டமோ வேறு வழியில் செல்கின்றது: அங்கு அதிகாரிகளின் நடத்தையே முதன்மையாக எடைபோடப்படுகின்றது, அதனை முடிவு செய்பவர் நீதிபதி. இன்னொரு நுட்பமும் உண்டு. உளவாளியோடு மட்டும் ஒருவன் சதி செய்துவிட முடியாது. சதி என்று ஆக, அரசின் ஆள் அல்லாத இருவரேனும் மெய்யாகவே உடன்பட்டிருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம்.

மனச்சாய்வு! எவ்வளவு ஆபத்தான சொல்! ஒருவன் கோபத்தில் உதிர்த்த வார்த்தை, நண்பரிடம் அனுப்பிய கேலிப்படம், கேட்ட பிரசங்கம் எல்லாம் சாய்வுக்குச் சான்றாகிவிடும். 2001 செப்டம்பருக்குப் பின் முஸ்லிம்கள் மீது தொடுக்கப்பட்ட வழக்குகளில் பொறிவைப்பு வாதம் பெரும்பாலும் எடுபடாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். நம் இளைஞரின் வேதனை இங்கிருந்துதான் பிறக்கின்றது.

நியூயார்க் நகருக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் நியூபர்க் என்றோர் ஏழ்மையான ஊர். அவ்வூர்ப் பள்ளிவாசலுக்கு 2008 வாக்கில் பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு 'செல்வந்தர்' விலையுயர்ந்த கார்களில் வந்துபோகலானார். மோசடிக் குற்றத்தில் சிக்கி, எஃப்.பி.ஐ.க்கு வேலை செய்தவர் அவர். ஜிஹாத் பற்றி அவர் பேசிய பேச்சைக் கேட்டுப் பள்ளிவாசலைச் சேர்ந்தோர் பலர் ஐயுற்று விலகிக்கொண்டனர். ஜேம்ஸ் குரோமிட்டி என்ற கறுப்பின முஸ்லிம் மட்டும் அவரோடு பழகலானார். யூதர்கள் மீது வெறுப்பைக் கக்கும் சொற்களை அவர் பேசியது உண்மை; அவை பதிவாகியும் உள்ளன. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செயல் என்று வந்தபோது அவர் நழுவினார். ஏறத்தாழ ஆறு வாரங்கள் அந்த உளவாளிக்கு முகம் காட்டாமல், ஊரில் இல்லை எனப் பொய் கூறி ஒதுங்கியிருந்தார். பின்னர் அவர் பார்த்து வந்த கடை வேலை பறிபோயிற்று. கையில் காசில்லாத நிலையில் அவரே உளவாளியைத் தேடி வந்தார். இரண்டரை இலட்சம் டாலர் தருவதாக ஆசை காட்டப்பட்டது. மேலும் மூன்று ஏழைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவருக்கு நோயுற்ற தம்பியின் கல்லீரல் சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டதாகக் குடும்பத்தார் கூறினர்.

2009 மே மாதம், யூத வழிபாட்டிடங்களின் முன் போலி வெடிகுண்டுகளை வைத்த வேளையில் நால்வரும் பிடிபட்டனர். குண்டு, ஏவுகணை, கார், திட்டம், இலக்குக்கு வழி எல்லாமே அரசின் ஏற்பாடு. 2011இல் தலா இருபத்தைந்து ஆண்டுத் தண்டனை. பொறிவைப்பு வாதம் மேல்முறையீட்டிலும் தோற்றது. தண்டனை விதித்த அதே நீதிபதி காலின் மெக்மேன், 2023 ஜூலையில் அவர்களுள் மூவரையும், 2024 ஜனவரியில் குரோமிட்டியையும் கருணை அடிப்படையில் விடுவிக்க உத்தரவிட்டார். அச்சதியை உண்மையில் உருவாக்கியது அரசே என்று கடுமையாகச் சாடினார். பதினான்கு ஆண்டுகள் கழித்து!

மிச்சிகன்காரர்களுக்கும் நியூபர்க்காரர்களுக்கும் வேறுபாடு உண்டு. முன்னவர்களிடம் துப்பாக்கிகள் ஏற்கெனவே இருந்தன, பயிற்சியும் இருந்தது, உளவாளி வருமுன்பே கொலைப் பேச்சும் இருந்தது. பின்னவர்களிடம் ஒரு காரும் இல்லை. ஆயினும் ஒரே தராசில்தான் இருவரையும் நிறுத்த வேண்டும். நியூபர்க்கில் அத்தராசு பொய்த்தது என்று அழுபவர், கிராண்ட் ராபிட்ஸில் அது ஓரளவேனும் நேராக நின்றபோது, 'ஏன் நின்றது?' என்று கோபிக்கலாமா? அங்கு விடுதலையான ஐவருக்காக நான் மகிழவில்லை. அவர்கள் யார், உள்ளத்தில் என்ன வைத்திருந்தார்கள் என்பதை அல்லாஹ் அறிவான். ஆனால் அரசுத் தரப்பு எவ்வளவு உரக்கச் சொன்னாலும், சான்றைக் கேட்டுவிட்டுத் தலையசைக்க மறுத்த அந்த ஜூரிகளை நான் மதிக்கிறேன். அத்தகையோர் நாளை நம் பிள்ளை கூண்டில் நிற்கும்போதும் தேவைப்படுவர்.

மறுபுறம், பொறிவைப்பு என்ற சொல்லை ஒரு மந்திரமாக்கி, 'எல்லாமே அரசின் நாடகம்' என்று கைகழுவுவோரும் உளர். மிச்சிகன் வழக்கிலும் அப்பேச்சு பலமாக எழுந்தது. விசாரணை அதிகாரிகளுள் ஒருவர் தம் மனைவியைத் தாக்கிய குற்றத்தில் சிக்கிப் பணி நீக்கப்பட்டார். வேறோர் உளவாளி சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்த வழக்கில் மாட்டினார். இவை உண்மை. ஆனால் அரசியல் தலைவர்களைக் கொல்ல எவரும் எண்ணுவதே இல்லை என்று எவராலும் கூற முடியுமா? 2011இல் அரிஸோனாவில் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் என்ற மக்களவை உறுப்பினர் தலையில் சுடப்பட்டார். அவர் பிழைத்தார், சுற்றி நின்றோரில் ஆறு பேர் மாண்டனர். 2025 ஜூனில் மினசோட்டா மாநிலப் பேரவையின் முன்னாள் சபாநாயகர் மெலிசா ஹார்ட்மனும் அவருடைய கணவரும் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். இவ்விரு இடங்களிலும் தூண்டிவிட்ட உளவாளி என எவரும் இல்லை. முன்னறிந்து தடுப்பாரும் இல்லாமற் போயினர்.

இதனை நாம் பிறரிடமிருந்து கற்க வேண்டியதில்லை. நம் வரலாற்றிலேயே நான்கு கலீஃபாக்களில் மூவர் கொலையுண்டனர். ஹிஜ்ரி 40, ரமளான் மாதம். கூஃபா நகரில் அதிகாலைத் தொழுகைக்குச் சென்ற அலீ (ரலி) அவர்களை இப்னு முல்ஜம் என்பவன் நஞ்சூட்டிய வாளால் வெட்டினான். அவன் காரிஜிய்யாக் கூட்டத்தைச் சேர்ந்தவன். தொழுகையாளி, குர்ஆன் ஓதுபவன். மக்காவில் மூவர் கூடி, அலீ (ரலி), முஆவியா (ரலி), அம்ரு பின் ஆஸ் (ரலி) ஆகிய மூவரையும் ஒரே வேளையில் கொல்ல உறுதி பூண்டனர் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. முஆவியா (ரலி) காயத்துடன் தப்பினார்கள். அம்ரு (ரலி) அன்று உடல்நலமின்றி வேறொருவரைத் தொழுவிக்க அனுப்பியிருந்தார்கள்; ஆள் தெரியாமல் அவர் வெட்டப்பட்டார்.

கூஃபாவுக்கு வந்த இப்னு முல்ஜம், கத்தாம் என்னும் பெண்ணைக் கண்டு மயங்கினான். அவளுடைய தந்தையும் சகோதரனும் நஹ்ரவான் போரில் அலீ (ரலி) அவர்களின் படையால் கொல்லப்பட்டிருந்தனர். மணக்கொடையாக மூவாயிரம் திர்ஹத்தையும் அடிமையையும் கேட்டவள், அவற்றோடு அலீயின் உயிரையும் கேட்டாள். அவளால் தூண்டப்பட்டான் என்று அவன் சார்பில் எவரேனும் வாதாட இயலுமா? அவன் அவ்வூருக்கு வந்ததே அதற்காகத்தான்! இன்றைய நீதிமன்றங்கள் தேடும் மனச்சாய்வு அவனிடம் அவளைக் காணுமுன்பே முழுமையாக இருந்தது.

இனி, கொல்லப்பட்டவரின் நடத்தையைப் பாருங்கள். காரிஜிய்யாக்கள் பள்ளிவாசலில் அலீ (ரலி) உரையாற்றும்போதே எழுந்து கோஷமிட்டு அவமதித்தவர்கள். அவர்களுக்கு அன்னார் அளித்த வாக்குறுதி வரலாற்றில் நிலைத்துவிட்டது: பள்ளிவாசல்களிலிருந்து அவர்களைத் தடுக்கமாட்டோம், பொது நிதியில் அவர்களுக்குரிய பங்கை மறுக்கமாட்டோம், அவர்கள் முதலில் போர் தொடுக்காத வரை நாம் தொடுக்கமாட்டோம். பேச்சுக்குப் பேச்சு, வாளுக்கே வாள் என்பது அவர்களின் எல்லைக்கோடு. இப்னு முல்ஜமைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டபோது, இன்னும் கொலை செய்யாதவனை எங்ஙனம் தண்டிப்பது என்ற பொருளில் அன்னார் பதிலளித்ததாகவும் அறிவிப்புகள் உண்டு. வெட்டுண்டு கிடந்த நிலையிலோ, அவனுக்கு உணவும் நீரும் கொடுங்கள், நான் பிழைத்தால் அவன் விஷயத்தை நானே முடிவு செய்வேன், இறந்தால் உயிருக்கு உயிராக அவன் ஒருவன் மட்டுமே, உறுப்புகளைச் சிதைக்காதீர்கள், என் பெயரால் பிறர் இரத்தம் சிந்தாதீர்கள் என்று தம் மக்களுக்கு உபதேசித்தார்கள்.

சிலர் கேட்கலாம்: முன்னரே ஆளனுப்பிக் கண்காணித்திருந்தால் அவ்வுயிர் காக்கப்பட்டிருக்குமே? ஆம், காக்கப்பட்டிருக்கலாம். கண்காணிப்பதை நான் குறை கூறவில்லை. மிச்சிகனில் கொலைப் பேச்சைக் கேட்டுத் திடுக்கிட்டுக் காவல்துறைக்குச் சொன்ன அந்த முன்னாள் வீரர் செய்தது சரியான காரியம். நம்மில் எவர் அவ்விடத்தில் இருந்தாலும் அதுவே கடமை. நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. விறகு அடுக்கி எண்ணெய் ஊற்றிவிட்டு, 'பார், எரிகிறது' என்பது வேறு. மக்களின் குறைகளைத் துருவிக்கொண்டே இருப்பாயாயின் அவர்களை நீயே கெடுத்துவிடுவாய் என்ற கருத்தில் நபிகளார் (ஸல்) முஆவியா (ரலி) அவர்களை எச்சரித்த செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. ஆட்சியாளராகப் போகிற ஒருவருக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது என்பதைக் கவனியுங்கள். உமர் (ரலி) அவர்கள் இரவு ரோந்தின்போது ஒரு வீட்டின் சுவரேறிக் குதித்து, உள்ளே பாவம் செய்து கொண்டிருந்தவரைப் பிடித்த நிகழ்ச்சியும் அறிவிக்கப்படுகின்றது. அம்மனிதரோ, தாம் செய்தது ஒரு தவறு, கலீஃபா செய்தவை மூன்று: துருவினீர், வாசல் வழி வரவில்லை, அனுமதி கேட்கவில்லை என்று எடுத்துக்காட்டியபோது, உமர் (ரலி) அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

ஆட்சியாளருக்கு இது. நமக்கு? இப்ராஹீம் அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். தீர்ப்பு முடிந்த பின் நரகவாசிகள் முன் ஷைத்தான் எழுந்து பேசும் காட்சி அங்கே வருகின்றது. உங்கள் மீது எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, அழைத்தேன், நீங்கள் வந்தீர்கள், என்னைப் பழிக்காமல் உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அவன் பேசுகின்றான். உலகிலேயே பெரிய தூண்டுவோன் அவன். அவன் பெயரைச் சொல்லியே எவனும் தப்ப முடியாத இடம் அது. நீதிமன்றத்தில் பொறிவைப்பு வாதம் ஒருவனைச் சிறையிலிருந்து மீட்கலாம்; மீட்க வேண்டிய இடத்தில் மீட்கவும் வேண்டும். யூத வழிபாட்டிடத்தின் வாசலில் பையை வைத்த கையைப் பற்றி மறுமையில் வேறு கேள்வி உண்டு. தூண்டியவனின் கணக்கு அதனால் குறையப் போவதும் இல்லை.

பெற்றோர்களே! உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையிடம் திடீரென நெருங்கிப் பழகும் ஒருவர், சமுதாயத்தின் துயரங்களைப் பேசிச் சினமூட்டி, பின் பணமோ ஆயுதமோ தருகிறேன் என்றால், அவர் யார் என்று ஆராய்ந்து கொண்டிருக்க வேண்டாம். மெய்யான தீவிரவாதியாயினும் காவல்துறை அனுப்பியவராயினும் செய்ய வேண்டியது ஒன்றே. கலிஃபோர்னியாவில் இர்வைன் நகர முஸ்லிம்கள் 2007இல் அதனைச் செய்து காட்டினர். இஸ்லாத்தைத் தழுவியதாகக் கூறிப் பள்ளிவாசலுக்கு வந்த ஒருவர் வன்முறை பேசத் தொடங்கியதும், அவர்கள் அவரைப் பற்றி எஃப்.பி.ஐ.க்கே புகார் செய்தனர். நீதிமன்றம் சென்று அவர் பள்ளிவாசலை நெருங்காதபடி தடையும் பெற்றனர். அவரை அனுப்பியதே எஃப்.பி.ஐ.தான் என்பது பின்னரே தெரியவந்தது! நியூபர்க்கில் பலர் ஐயுற்று ஒதுங்கிக்கொண்டனர். ஆனால் ஒதுங்காத ஒரு மனிதர் உளவாளியோடு தனித்து விடப்பட்டார். இவ்விரு ஊர்களுக்கும் இடையிலான வேறுபாடு இதுதான்.

குரோமிட்டி ஒளிந்திருந்த அந்த ஆறு வாரங்களை என்னால் மறக்க இயலவில்லை. அவர் மனம் தடுமாறி நின்ற காலம் அது. எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம். அப்போதுதான் வேலை போயிற்று. அவருக்குத் தெரிந்தவர்களில் பணமுள்ளவர் ஒருவரே இருந்தார்.

அந்த இளைஞரிடம் இவற்றையெல்லாம் சென்ற வாரம் கூறினேன். நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "நம் மஹல்லாவில் வேலையில்லாமல் இருப்பவர்கள் யார் யார் ஹஜ்ரத்?" என்று கேட்டார். எனக்கே முழுதாகத் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டேன். பள்ளி நிர்வாகிகளையும் அழைத்து அங்கேயே அமர்ந்து எழுதினோம். பதினொரு பெயர்கள் வந்தன. அவர்களுள் இருவரைச் சில மாதங்களாகப் பள்ளியில் எவரும் கண்டதில்லை. இன்ஷா அல்லாஹ், இன்று அஸர் தொழுகைக்குப் பின் அவ்விருவர் வீடுகளுக்கும் செல்கிறோம். அந்த இளைஞரும் உடன் வருகிறார்.